ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்கா: கேட்டவையும் பதில்களும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் தெற்கில், அலமகோர்டோ ஊரிலிருந்து மேற்கே 24 கிலோமீட்டரில் இருக்கிறது ஒயிட் சாண்ட்ஸ். சுமார் 710 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை வெளேரென்று ஜிப்சம் என்ற கனிமத்தாலான மணல்மேடுகள். அதில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் பூங்காவுக்குள் வருகிறது, மிச்சம் ராணுவ ஏவுகணைத் தளத்தின் எல்லைக்குள். விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

டல்லாஸிலிருந்து: அண்ணா, தேங்க்ஸ்கிவிங் லீவுல போறோம். எந்த ஏர்போர்ட்டுல இறங்கணும்? ஜிபிஎஸ்ஸை நம்பிப் போகலாமா?

எல் பாசோவில் இறங்கி வாடகைக் கார் எடுங்கள். ஒன்றரை மணி நேர ஓட்டம். லாஸ் குரூசஸ் வழியாகவும் போகலாம், யூ.எஸ். 54-ல் வடக்கே ஏறி அலமகோர்டோ வழியாகவும் போகலாம். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

பூங்காவுக்குத் தெரு முகவரி கிடையாது என்பதால் ஜிபிஎஸ் சில சமயம் வேறு எங்காவது கொண்டுபோய் விடும். யூ.எஸ். 70 நெடுஞ்சாலையில் 199, 200 மைல் கற்களுக்கு நடுவே நுழைவாயில். இதைக் குறித்துக்கொண்டால் போதும். கட்டணம் வண்டிக்கு 25 டாலர், உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் அதே தொகைதான், 7 நாள் செல்லும்.

நேரத்தில் கவனம் வேண்டும். அங்கே கடிகாரம் டல்லாஸைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். நவம்பர் கடைசியில் மாலை 5 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும், இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். மதியம் 3 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் எதையுமே உருப்படியாகப் பார்க்க முடியாது. கேட் பூட்டும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் அன்று முழு விடுமுறை.

ஆஸ்டினிலிருந்து: நாங்க ஹெச்-ஒன்-பி விசாவுல இருக்கோம். வழியில செக்போஸ்ட் இருக்காமே, உண்மையா?

உண்மை. எல்லைக் காவல்படையின் நிரந்தர செக்போஸ்ட்கள் இந்தச் சுற்று வட்டாரத்தில் பல உண்டு. யூ.எஸ். 70-ல் பூங்காவிலிருந்து லாஸ் குரூசஸ் பக்கம் திரும்பும்போது ஒன்று, யூ.எஸ். 54-ல் வடக்கே ஏறும்போது அலமகோர்டோவுக்கு முன்னால் ஒன்று. நீங்கள் மெக்சிகோ எல்லையைத் தாண்டவே இல்லை என்றாலும் நிறுத்தி, குடியுரிமை என்ன என்று கேட்பார்கள்.

பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சுப்படி, ஐ-797 (ஹெச்-ஒன்-பி ஒப்புதல் கடிதம்) மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கிரீன் கார்டு உள்ளவர்கள் அட்டையையே எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டை ஹோட்டல் அறையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. போனில் படம் எடுத்து வைத்திருப்பது அசலுக்கு ஈடாகாது.

ஃபீனிக்ஸிலிருந்து: ஏவுகணைச் சோதனைக்காக மூடிடுவாங்கன்னு கேள்விப்பட்டோம்.

மூடுவார்கள், சில நேரம் 3 மணி நேரம் வரை. பூங்காச் சாலை மட்டுமல்ல, யூ.எஸ். 70-யே நிற்பதும் உண்டு. முதல் நாள் இரவு பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள், கிளம்பும் காலையில் இன்னொரு தடவை. மாட்டிக்கொண்டால் பார்வையாளர் மையத்தில் உட்காரலாம். 1930-களில் மண் செங்கல்லில் கட்டிய கட்டடம், பார்க்க வேண்டியதுதான். மணலில் உலோகத் துண்டு ஏதாவது கிடந்தால் குழந்தைகளைத் தொட விடாதீர்கள். வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு ரேஞ்சரிடம் (பூங்காக் காவலர்) சொல்லுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: கோயம்புத்தூர்ல இருந்து மாமனார் மாமியார் வந்திருக்காங்க. மாமியாருக்கு மூட்டு வலி. அவங்களால என்ன பார்க்க முடியும்?

நிறையவே பார்க்கலாம். 13 கிலோமீட்டர் நீளமுள்ள டியூன்ஸ் டிரைவ் முழுக்கக் காரிலேயே போகலாம். முதல் 8 கிலோமீட்டர் தார், பிறகு இறுகிய ஜிப்சம் தரை. சாதாரணக் கார் போதும். ஆனால் சாலை ஓரத்து மென்மணலில் சக்கரத்தை இறக்காதீர்கள், புதைந்துவிடும்.

இன்டர்டியூன் போர்ட்வாக் என்று தரைக்கு மேலே பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். போக வர சுமார் 650 மீட்டர், சக்கர நாற்காலியும் போகும், நடுவில் நிழலும் பெஞ்சும் உண்டு. மாமியாருக்கு அதுதான் சரி.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே உணவகம் இல்லை. பரிசுப்பொருள் கடையில் நொறுக்குத் தீனிதான் கிடைக்கும். வெயிலுக்குப் புளியோதரை தாங்கும், தயிர்சாதம் என்றால் ஐஸ் பெட்டி வேண்டும். பிக்னிக் பகுதிகளில் காற்றுத் தடுப்போடு மேசைகள் உண்டு. பிப்ரவரி முதல் மே வரை காற்றுக் காலம், அப்போது தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் சோற்றில் மணல் நறநறக்கும். காரிலேயே சாப்பிட்டுவிடுவது உத்தமம். மணல்மேட்டுப் பகுதியில் கழிப்பறை உண்டு, குழாய்த் தண்ணீர் கிடையாது. பார்வையாளர் மையத்திலேயே எல்லாப் பாட்டில்களையும் நிரப்பிவிடுங்கள்.

டென்வரிலிருந்து: பசங்க சறுக்கணும்னு குதிக்கிறாங்க. எந்த மாதிரி ஸ்லெட் வாங்கணும்? போன தடவை பாதியிலேயே நின்னுடுச்சு.

பனியில் சறுக்கும் வட்டமான பிளாஸ்டிக் தட்டே போதும், பூங்காக் கடையிலும் விற்கிறார்கள். கூடவே மெழுகுக் கட்டி வாங்காமல் வராதீர்கள். பாதியில் நின்றதற்குப் பெரும்பாலும் மெழுகு இல்லாததுதான் காரணம். தட்டின் அடியில் ஒட்டிய மணலைத் துடைத்துவிட்டு, விளிம்பு வரை அழுத்தித் தேயுங்கள். இரண்டு மூன்று சறுக்கலுக்கு ஒருமுறை திரும்பத் தேய்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் மணல் ஈரமாக இருந்தால் எவ்வளவு மெழுகு போட்டாலும் ஓடாது.

அடுத்தது இடம். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது, அதனால் மேட்டின் வடகிழக்கு முகம்தான் செங்குத்து. அந்தப் பக்கம் செடி இல்லாத, அடிவாரம் படிப்படியாகச் சமமாகிற சரிவாகப் பாருங்கள். சரிவு திடீரென்று முடிந்து தட்டைத் தரையில் இறங்கினால் ஆபத்து. மேடுகளுக்கு நடுவிலிருக்கும் அந்தத் தரை சிமென்ட் போல இறுகிக் கிடக்கும், இடித்தால் முதுகெலும்புக்குத்தான் அடி. சாலைப் பக்கமாகவோ கார் நிறுத்துமிடத்தை நோக்கியோ சறுக்கவே கூடாது.

முதல் ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். அதே தடத்தில் மூன்றாவது நான்காவது முறை வரும்போது மணல் அமுங்கி வேகம் பிடிக்கும். அதனால் பையனைப் பாதி உயரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி, கால்களைத் தட்டுக்குள் மடித்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு. தலையை முன்னால் நீட்டிப் படுத்துப் போவது வேண்டாம். ஏறும்போது தடத்தை விட்டு ஒதுங்கி ஏறட்டும்.

இன்னொன்று: மணலில் சுரங்கம் தோண்டி விளையாட விடாதீர்கள். மேலே உலர்ந்த மணல் சரிந்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சுவிட வழி இருக்காது.

சான் அன்டோனியோவிலிருந்து: ஆல்கலி ஃபிளாட் பாதை 8 கிலோமீட்டர்தானே? நான் தினமும் 10 கிலோமீட்டர் ஓடுறவன். ஜூலையில போகலாமா தம்பதியா?

ஜூலையில் வேண்டாம். வெப்பம் 29 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே இந்தப் பாதையில் இறங்காதீர்கள் என்பது பூங்காவின் அறிவுரை, ஜூலை மதியங்களில் 36-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். பாதையின் பெயரில்தான் ‘ஃபிளாட்’, அதாவது தட்டை. உண்மையில் மேடு ஏறி இறங்கி, மேடு ஏறி இறங்கி 8 கிலோமீட்டர். வழி நெடுக ஒரு மரத்தடி நிழல் இல்லை.

இந்த மணலின் சூது இதுதான்: காலில் சுடாது. உச்சி வெயிலிலும் வெறுங்காலோடு நடக்கலாம், அதனால் உடம்பு காய்வது உறைப்பதில்லை. மேலிருந்து வெயில் அடிக்க, கீழிருந்து வெள்ளைத் தரை அதே வெயிலைத் திருப்பி அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்து ஓரத்திலும் கூட தோல் வெந்துபோகும், சன்ஸ்கிரீனை அங்கேயும் தடவ வேண்டும். 2015 ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வந்த தம்பதி இதே பாதையில் இறந்துபோனார்கள். கூட வந்த 9 வயது மகன் பிழைத்தான். அவர்கள் கையில் இருந்தது சிறிய பாட்டில் தண்ணீர்தான்.

குளிர்காலத்தில் போங்கள். ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட தின்பண்டம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம். தண்ணீரில் பாதி தீர்ந்தால் எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்பிவிட வேண்டும். தொடக்கத்தில் பதிவேடு இருந்தால் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

வழிகாட்டி: டைமண்ட் குறி போட்ட சிவப்புக் கம்பங்கள். ஒரு கம்பத்தின் அருகே நின்று அடுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர வேண்டும். தெரியவில்லை என்றால் முந்தைய கம்பத்துக்கே திரும்புங்கள். சில நேரம் மேடு நகர்ந்து கம்பத்தையே மூடியிருக்கும். உங்கள் காலடித் தடத்தை நம்பித் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள், காற்று அடித்தால் அரை மணியில் அழிந்துவிடும். போன் சிக்னலையும் நம்ப முடியாது. பெரிய திசைக்குறி மலைகள்தான்: மேற்கே சான் ஆண்ட்ரெஸ், கிழக்கே சாக்ரமென்டோ.

நியூ ஜெர்சியிலிருந்து: மணல் ஏன் சுடறதில்லை? அவ்வளவு ஜிப்சம் எங்கிருந்து வந்தது?

வெள்ளை நிறம் வெயிலை வாங்கிக்கொள்வதில்லை. தவிர மேடுகளின் உள்ளே எப்போதும் ஈரம் இருக்கிறது, ஒரு சாண் தோண்டினாலே தெரியும். நிலத்தடி நீர் அவ்வளவு மேலே நிற்கிறது. அந்த ஈரம் வற்றினால் மேடுகளே காற்றோடு போய்விடும்.

ஜிப்சம் தண்ணீரில் கரையும் பொருள். மற்ற இடங்களில் மழை அதைக் கரைத்து ஆற்றோடு கடலில் சேர்த்துவிடும். இங்கே பூங்கா இருக்கும் டூலரோசா பள்ளத்தாக்குக்கு வெளியேறும் ஆறே கிடையாது. மலையிலிருந்து கரைந்து வந்தது பள்ளத்திலேயே தேங்கி, வறண்டு, செலினைட் என்ற ஜிப்சம் படிகமாகி, உடைந்து மணலானது. நம்ம ஊரில் நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிறோமே, அதே ஜிப்சம்தான்.

சியாட்டிலிலிருந்து: போட்டோவில் மணல் சாம்பல் கலர்ல வருது. டிரோன் பறக்கவிடலாமா?

கேமரா வெள்ளையைக் கண்டு மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) 1-லிருந்து 1.5 வரை கூட்டுங்கள். போனில் மணலைத் தொட்டு மேலே இழுத்தாலே போதும். நடுப்பகலில் மணல் அலைகளுக்கு நிழலே இராது, சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் படத்துக்கு. அந்த நேரத்தில் ரேஞ்சர் அழைத்துப் போகும் மாலை நடையும் உண்டு.

டிரோன் கூடாது. பக்கத்திலேயே ஹாலமன் விமானப்படைத் தளம்.

சிகாகோவிலிருந்து: முதல் அணுகுண்டு வெடிச்ச இடம் இதுதானே? பழங்கால மனுஷங்க காலடித் தடம்கூட இருக்காமே?

இங்கே இல்லை. 1945 ஜூலை 16 சோதனை நடந்த டிரினிட்டி, ஏவுகணைத் தளத்தின் வட கோடியில் இருக்கிறது, பூங்காவிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ராணுவம் அறிவிக்கிற நாளில் மட்டும்தான் திறப்பு.

காலடித் தடங்கள் நிஜம். தடம் பதிந்த அடுக்குகளில் கிடைத்த நீர்ப்புல் விதைகளை வைத்து 21,000 முதல் 23,000 ஆண்டுப் பழமை என்று 2021-ல் வெளியிட்டார்கள். ஆனால் நேரில் போய்ப் பார்க்க விடுவதில்லை. திறந்துவிட்ட தடம் சீக்கிரம் பொடிந்துபோகும்.

கன்சாஸிலிருந்து: கொலராடோவில கிரேட் சாண்ட் டியூன்ஸ் இருக்கு. ஒண்ணுதான் போக முடியும்னா எது?

கோடை என்றால் இரண்டுமே காலை வேளைக்கு மட்டும்தான். கொலராடோ மேடுகள் 200 மீட்டருக்கு மேல் உயரம், இங்கே அதிகபட்சம் 18 மீட்டர். அங்கே மணல் 65 டிகிரி வரை சுடும், இடமும் கடல் மட்டத்துக்கு 2,500 மீட்டர் மேலே என்பதால் மூச்சு வாங்கும். பனித் தட்டும் வேலைக்கு ஆகாது, மணலுக்கென்று செய்த பலகை வாடகைக்கு எடுக்க வேண்டும். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் மெடானோ ஓடையில் தண்ணீர் புரளும்போது குழந்தைகளோடு போவதென்றால் என் ஓட்டு கொலராடோவுக்கு. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை என்றால் ஒயிட் சாண்ட்ஸ்தான்.

ஃபீனிக்ஸிலிருந்து மறுபடியும்: ஞாபகத்துக்கு ஒரு டப்பா மணல் எடுத்துக்கலாமா? காரை எப்படிக் கழுவறது?

ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். ஷூவுக்குள் தானாக வந்ததைக் கிளம்பும் முன் அங்கேயே தட்டிவிடுங்கள். காரில் முதலில் ஈரத் துணி வைக்காதீர்கள், ஜிப்சம் நனைந்தால் தரைவிரிப்பில் ஒட்டிக்கொள்ளும். வேக்குவம் போட்டு உறிஞ்சிவிட்டுப் பிறகு துடையுங்கள். கேமரா லென்ஸைத் துணியால் தேய்க்காமல் ஊதியை வைத்து ஊதிவிடுங்கள். மணல் பறக்கிற இடத்தில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள்.