பிறர் நடையைப் பார்த்து எழுதிப் பழகலாமா?

பிடித்த எழுத்தாளரைப் பார்த்து எழுதினால் சொந்த நடை கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடாது. ஆனால் வரிக்கு வரி நகலெடுத்தால் கைவலிதான் மிச்சம்.

அமெரிக்க எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளின், இளவயதில் பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பார்த்த காலத்தில் செய்தது இது. 'ஸ்பெக்டேட்டர்' என்ற ஆங்கில இதழின் கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிச் சில நாள் ஒதுக்கிவைப்பார். பிறகு மூலத்தைத் தொடாமல், குறிப்பை வைத்தே முழுக் கட்டுரையையும் எழுதி, ஒப்பிட்டுத் திருத்துவார். சொல்வளம் போதவில்லை என்று பட்டதும் கதைகளைச் செய்யுளாக்கி, மூல உரைநடை மறந்தபின் மறுபடி உரைநடைக்கு மாற்றினார். (செய்யுளென்றால் ஒரே பொருளுக்கு வேறு வேறு அளவில் சொல் தேடியாக வேண்டுமே!) குறிப்புகளைக் கலைத்துப்போட்டு மறுபடி வரிசைப்படுத்தியதும் உண்டு.

நீங்கள் செய்யும்போது அந்தச் சில நாள் இடைவெளியை விட்டுவிடாதீர்கள். உடனே எழுதினால் மனப்பாடம்தான் வந்து விழும்.