மலையைப் பார்க்க மலைமேல் குடியேற வேண்டுமா?

கேள்வி: நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவள். 1993-இல் திருமணமாகி ஒடிசாவில் உள்ள ரூர்கேலாவுக்கு வந்தேன். கணவர் மாயவரத்துக்காரர், இங்கே உருக்காலையில் வேலை. வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் திருமணமாகிவிட்டது. மகள் புனேயில், மகன் கனடாவில். இத்தனை வருடங்களும் நம் ஊரை நினைத்து நினைத்து ஏங்கியிருக்கிறேன். சிறுவயதில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். ஓய்வுப் பணத்தில் அந்த மலைமேல் உள்ள ஏற்காட்டில் நிலம் வாங்கி, பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து தங்க வசதியாக நான்கு அறைகளுடன் வீடு கட்ட ஆசை. வீடு முடியும் வரை அண்ணன் வீட்டில் இருந்துகொள்ளலாம். கணவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நலம். இங்கே அவருக்கு நண்பர்கள் அதிகம் என்றாலும் சரி என்றுவிட்டார். பிள்ளைகள்தான் 'அங்கே யார் இருக்கிறார்கள்?' என்று தடுக்கிறார்கள். நான் வருவது சரிதானே?
— ஒரு வாசகி, ரூர்கேலா

பதில்: வாருங்கள் சகோதரி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பிள்ளைகளை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் முடித்துக் கொடுத்த பிறகும் பிறந்த ஊருக்குப் போக அவர்களிடம் உத்தரவு கேட்டு நிற்க வேண்டியதில்லை. 'அங்கே யார் இருக்கிறார்கள்?' என்று கேட்கும் இருவரில் ஒருவர்கூட ரூர்கேலாவில் இல்லையே!

ஆனால் ஏற்காட்டில் நிலம் வாங்காதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மலையை எங்கிருந்து பார்த்தீர்கள்? மொட்டை மாடியிலிருந்து. நீங்கள் மலைமேல் ஒருநாள்கூட வாழ்ந்ததாக எழுதவில்லை. முப்பது வருடங்களாக உங்கள் மனத்தில் இருப்பது துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் நீலமாகத் தெரிந்த மலை. அந்தக் காட்சி சேலத்தில்தான் இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போய்விட்டால் அது கண்ணில் படாது.

அடுத்தது ஸ்டென்ட். அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், என்னால் கடக்க முடியவில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இரவு இரண்டு மணிக்கு அவருக்கு நெஞ்சு வலித்தால், பெரிய சிகிச்சைக்கு அந்த இருபது வளைவுகளையும் மூடுபனியில் இறங்கித்தான் வர வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. அப்படி ஒரு நாளில் அவரை எங்கே கொண்டுபோவீர்கள்? காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் அழகுதான். வாழ்நாள் சேமிப்பையும் இதய நோயாளியான கணவரையும் வைத்துக்கொண்டு அந்த அழகை விலைக்கு வாங்க வேண்டாம்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் வீடு கட்டுவதற்குச் சமவெளியில் இல்லாத கூடுதல் அனுமதிகள் உண்டு. விற்கக் கட்டுப்பாடு உள்ள, அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா நிலத்தைத் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி என்று அறுபது வயதில் அலைவதற்காகவா ஊர் திரும்புகிறீர்கள்?

நான்கு அறைகள் யாருக்கு? கனடாவிலிருந்து வரும் மகன் ஊர் வந்து சேர்ந்த களைப்பு தீருவதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். புனேயில் இருக்கும் மகளுக்குக் குழந்தையின் பள்ளி விடுமுறை, அதிலும் பாதி மாமியார் வீட்டுக்கு. மீதி நாட்களெல்லாம் அந்த அறைகளைப் பெருக்கித் துடைத்துப் பூட்டுவது உங்கள் வேலையாகும். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் அவர்கள் வராதது உறுத்தும். இரண்டு அறை போதும். மாம்பழக் காலத்தில் வரட்டும், கூடத்தில் பாயை விரித்துப் படுக்கட்டும். மல்கோவாவும் இமாம் பசந்தும் சேலம் குண்டும் தின்றுவிட்டுப் போகட்டும். பேரப்பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கப்போவது அந்தப் பாய்தான்.

அண்ணன் வீட்டிலும் போய் இறங்காதீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அண்ணன் வீட்டுக்கும் பொருந்தும். வீடு கட்டி முடிய ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் அண்ணியின் அடுப்படியில் உங்கள் இருவருக்கும் நடுவே என்னென்ன முளைக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் நாளே வாடகை வீடு பாருங்கள். அஸ்தம்பட்டியிலோ கன்னங்குறிச்சியிலோ பார்த்தால் நல்லது. அந்தப் பக்கம் மலை இன்னும் கிட்டத்தில் தெரியும். மாலையில் மூக்கனேரிக் கரையில் நடந்துவிட்டு வரலாம். மொட்டை மாடியும் கட்டாயம் வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன், தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள். ஒரு முழு வருடம் வாடகையில் இருந்து பார்த்த பிறகு சொந்த வீட்டைப் பற்றி யோசிக்கலாம். ஓய்வுப் பணம் அதுவரை வங்கியில் இருக்கட்டும்.

காகித வேலைகள் பெரிய மலைப்பில்லை. வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் ஓய்வூதியம் என்றால் 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம். அதற்காக ஆணையை ஊர் மாற்ற வேண்டியதில்லை. காரைக் கொண்டுவருவதானால் அங்கேயே தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு இங்கே மறுபதிவு செய்து சாலை வரி கட்ட வேண்டும். பழைய கார் என்றால் அங்கேயே விற்றுவிடுங்கள். மருத்துவக் காப்பீட்டில் சேலத்து மருத்துவமனைகள் எவை என்று புறப்படுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

நீங்கள் விட்டுச்சென்ற சேலம் இன்று இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் புறப்பட்டபோது நகராட்சி, 1994-இல் மாநகராட்சியானது. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிந்துபோனது. ஐந்து ரோட்டில் இப்போது ஈரடுக்கு மேம்பாலம். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் நாக்பூரில் இருபத்தெட்டு வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பியவர். வந்த வாரமே, தன் தகப்பனார் கைபிடித்துக் கூட்டிப்போன தட்டுவடைக் கடையைத் தேடிப் போனார். கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. நடைபாதையில் நின்று அழுதுவிட்டதாக என்னிடம் சொன்னார். அதே தெருக்கோடியில் ஒரு தள்ளுவண்டி. அதிலிருந்த பையன் தட்டுவடையின் மேல் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுத்தான். பழைய ருசி இல்லையாம். ஆனாலும் மறுநாளும் போனார்.

அவரை இந்த ஊரில் வேரூன்ற வைத்தது உழவர் சந்தை. தினமும் காலை ஆறரைக்குப் பையோடு போவார். ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டு மீண்டும் போனபோது, கீரைக்கார அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு, "நான்கு நாட்களாக ஏன் வரவில்லை?" என்று கேட்டாராம். நாக்பூரிலிருந்து வந்த ஏழாவது மாதத்தில் இது நடந்தது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! உங்களுக்கும் அந்த ஏழு மாதங்கள் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கடிதம் முழுவதும் உங்கள் ஏக்கம் இருக்கிறது. உங்கள் கணவருடையதாக ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: 'சரி'. அவருக்குச் சேலம் மாமனார் ஊர். அவர் பிறந்த ஊரில் காவிரி ஓடுகிறது, மலையே கிடையாது. நண்பர்கள் எல்லோரும் ரூர்கேலாவில். வேலையையும் குவார்ட்டர்ஸையும் அந்த நண்பர்களையும் ஒரே மாதத்தில் விட்டுவிட்டு வரப்போகிற மனிதர் அவர். 1993-இல் நீங்கள் அவருக்காக ஊரை விட்டுப் போனீர்கள். இப்போது அவர் உங்களுக்காகச் 'சரி' என்கிறார் போலிருக்கிறது. நல்ல மனிதர். அதனாலேயே அவரிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும். மாலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பேச்சை எடுக்காமல், "ஓய்வுக்குப் பிறகு காலை எழுந்ததும் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, மார்ச்சுக்கு முன் இருவரும் ரயிலேறி வந்து ஒரு மாதம் இங்கே இருந்து பாருங்கள். அடுத்த கடிதத்தை அவர் எழுதட்டும்.