மாண்ட்ரில் குரங்கின் முகம் ஏன் இத்தனை வண்ணமாக இருக்கிறது? அதன் பழக்கவழக்கங்கள் என்ன? அது பபூன் என்னும் ஆப்பிரிக்கக் குரங்கினத்தைச் சேர்ந்ததா?

குரங்கினங்களிலேயே மிகப் பெரியது மாண்ட்ரில். காபோன், தெற்குக் கேமரூன், எக்குவடோரியல் கினி, காங்கோ குடியரசு ஆகிய நாடுகளின் மழைக்காடுகளில்தான் அது வாழ்கிறது. பாம்பன், இராமேசுவரம் பக்கத்தில் இருக்கும் எங்களுக்குக் குரங்கு என்றால், யாத்திரிகர் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் நாட்டுக் குரங்குதான். அதில் ஆண்குரங்கு பத்துக் கிலோவை எட்டுவதே அரிது. வால் மட்டும் உடல் நீளத்துக்குக் குறையாமல் தொங்கும். மாண்ட்ரிலில் எல்லாம் தலைகீழ். வளர்ந்த ஆண் முப்பது கிலோவைத் தாண்டும், வாலோ பத்து சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். பெண்ணின் எடை சுமார் 12 கிலோதான்.

ஆணின் முகத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். புருவத்துக்குக் கீழே தொடங்கி மூக்கு நுனி வரை ஒரே சிவப்புப் பட்டை, அதன் இருபுறமும் எலும்பு புடைத்த கன்னங்களில் மேடும் பள்ளமுமாக ஓடும் நீல வரிகள், அடியில் மஞ்சள் தாடி. பின்புறத்திலும் இதே நீலமும் சிவப்பும் ஊதாவோடு கலந்திருக்கும். இவற்றில் நீலத்துக்குச் சாயம் என்று எதுவும் கிடையாது. தோலுக்குள் இருக்கும் கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒழுங்கான இடைவெளியில் அமைந்திருப்பதால் நீல ஒளி மட்டும் வலுவாகத் திரும்பி வருகிறது. மயில் கழுத்தின் நீலமும், நுண்ணமைப்பு வேறானாலும், இப்படி ஒளியால் உண்டாவதுதான்.

சிவப்பின் கதை வேறு. அது இரத்த ஓட்டத்தால் வருவது, டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் ஹார்மோன் கூடக்கூட அடர்வது. கூட்டத்தில் முதலிடத்தைப் பிடிக்கும் ஆணுக்கு முகம் சிவந்து உடலும் பருக்கிறது. அந்த இடம் பறிபோனால் சிவப்பும் மங்கிவிடுகிறது. (நம் ஊரில் பதவி இழந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை.) மிக நீண்ட கோரைப்பற்களை வைத்துக்கொண்டு எடுத்ததற்கெல்லாம் மோதினால் இரு தரப்புக்கும் நாசம் என்பதால், எதிரே நிற்பவனின் நிறத்தைப் பார்த்தே ஒதுங்கிப் போவது லாபம். சிவப்பில் ஏறக்குறைய சமமாக இருக்கும் ஆண்களுக்கிடையில்தான் மோதல் முற்றுகிறது.

அந்தப் பற்களை அது வெளியே காட்டினால் கோபம் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அது சமாதானக் குறி. முறைத்துப் பார்ப்பதும், தலையை மேலும் கீழும் ஆட்டுவதும், தரையை அறைவதும்தான் மிரட்டல். எங்கள் நாட்டுக் குரங்கு இளிப்பதும் அச்சத்தாலும் பணிவாலும்தான். அதைச் சிரிப்பென்று நினைத்து செல்ஃபி எடுக்க நெருங்குகிறவர்கள் கடிபடுவதில் வியப்பில்லை.

பகலெல்லாம் தரையில் நடந்து பழம், விதை, காளான், வேர், பூச்சி, நத்தை, தவளை என அகப்பட்டதைத் தின்னும். மிஞ்சியதைக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும். இருட்டினால் மரமேறி உறங்கும். நெஞ்சில் உள்ள சுரப்பியை மரத்தில் தேய்த்துத் தன் வாடையை விட்டுச்செல்லும்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது கூட்டத்தின் அளவு. காபோனின் லோப்பே தேசியப் பூங்காவில் ஒரே கூட்டத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை எண்ணப்பட்டிருக்கின்றன. இவ்வளவு பெரிய கூட்டத்தை நிலையாக ஆளும் அரசன் யாருமில்லை. பெண்களும் குட்டிகளுமே அதன் நிலையான உறுப்பினர்கள், வளர்ந்த ஆண்களில் பெரும்பாலானவை இனப்பெருக்கக் காலத்தில் வந்து சேர்ந்து பிறகு பிரிந்துவிடுகின்றன. ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதிலும் கவனம் உண்டு: குடலில் ஒட்டுண்ணி கண்ட குரங்கை மற்றவை அவ்வளவாகத் தொடுவதில்லை, ஆய்வாளர்கள் மருந்து கொடுத்து அது தேறியதும் மீண்டும் நெருங்குகின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. மலத்தின் வாடையிலிருந்தே அவை நோயை அறிகின்றன.

பபூன் இனமா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே பதில். நீண்ட முகத்தைக் கண்டு முன்பு பபூன்களோடு சேர்த்துவிட்டார்கள். மரபணு ஆய்வுகளின்படி அதன் நெருங்கிய உறவு, உருவில் அதைவிடச் சிறிய, மாங்கபே என்னும் ஆப்பிரிக்கக் குரங்குகளோடுதான்.