அமெரிக்க வரலாற்றில் அதிகம் பேசப்படாத, உங்களுக்குப் பிடித்த அரசியல்வாதி யார்? ஏன்?

மேத்யூ லயன். ஜனாதிபதியைக் கண்டித்து எழுதியதற்காகச் சிறைக்குப் போய், அங்கே இருந்தபடியே தேர்தலில் ஜெயித்த மனிதர்.

1749-ல் அயர்லாந்தின் விக்லோ பகுதியில் பிறந்தார். பதினைந்து வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது கையில் பயணக் காசு இல்லை. போய் இறங்கும் இடத்தில் ஒருவரிடம் சில ஆண்டுகள் வேலை செய்து கழிப்பதாக ஒப்பந்தம். கனெக்டிகட்டில் அந்த ஒப்பந்தம் ஒரு ஜோடி காளைகளுக்குக் கைமாறியது. அதை அவர் மறைக்கவே இல்லை. "என்னை மீட்ட காளைகள் மேல் ஆணை" என்றுதான் சத்தியம் செய்வாராம். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு வெர்மான்ட்டுக்குப் போய், ஈத்தன் ஆலனின் குடிப்படையில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த 1776-ல் ஜெரிக்கோ என்ற எல்லைக் காவலில் அவர் லெப்டினன்ட். ஆட்கள் காவலைக் கைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். தான் தடுக்கப் பார்த்ததாக லயன் சொன்னார். ஆனாலும் பதவி பறிபோனது. மறுபடி படையில் சேர்ந்தார், சரடோகா சண்டையில் இருந்தார், பின்னாளில் வெர்மான்ட் குடிப்படையில் கர்னலாகவும் ஆனார். என்ன பயன்? கோழை என்று அவர் இடுப்பில் மரவாளைக் கட்டிவிட்டார்கள் என்ற ஏளனம் மட்டும் இருபது வருடம் கழித்தும் விடவில்லை.

இடையில் ஃபேர் ஹேவன் என்ற ஊரை உருவாக்கி, இரும்பாலை, மர அறுப்பு ஆலை, காகித ஆலை, அச்சகம் என்று வரிசையாகத் தொடங்கினார். மரப்பட்டையிலிருந்தே காகிதம் செய்தார். 1797-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்.

1798 ஜனவரி 30, ஃபிலடெல்ஃபியா. கனெக்டிகட் உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்ட் அந்த மரவாளைச் சொல்லிக் குத்தினார். லயன் கண்டுகொள்ளாமல் பேசிக்கொண்டிருந்தார். கிரிஸ்வோல்ட் லயனின் கையைத் தொட்டுத் திருப்பி மறுபடியும் சொல்ல, லயன் அவர் முகத்தில் துப்பிவிட்டார். அது தவறுதான், நான் நியாயப்படுத்த மாட்டேன். அவரைச் சபையிலிருந்து நீக்க 52 பேர் வாக்களித்தார்கள், எதிராக 44 பேர். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் தப்பினார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்ட் கைத்தடியோடு வந்து சபைக்குள்ளேயே அவரை அடிக்க, லயன் கணப்படுப்பின் இடுக்கியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். இணையத்தில் இன்றும் சுற்றுவது இந்தச் சண்டையின் கேலிச்சித்திரம்தான். எனக்கு வருத்தமும் அதுதான், ஏனென்றால் அதே ஆண்டின் அடுத்த பாதி அதைவிடப் பெரியது.

ஜூலையில் அரசை விமர்சிப்பதையே குற்றமாக்கும் தேசத்துரோகச் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஜான் ஆடம்ஸுக்கு வீண் ஆடம்பரத்திலும் முகஸ்துதியிலும் அடங்காத தாகம் என்று லயன் ஒரு கடிதம் எழுதியிருந்தார். எழுதியது ஜூனில், அதாவது சட்டம் வருவதற்கு முன்பு. பத்திரிகையில் அச்சானது சட்டத்துக்குப் பின்பு. அது போதுமானதாக இருந்தது. இந்தச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று நீதிமன்றத்தில் வாதாடினார், எடுபடவில்லை. அக்டோபரில் நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். வெர்ஜென்ஸ் சிறையில் பதினாறுக்குப் பன்னிரண்டு அடி அறை. மூலையிலேயே கழிப்பிடம். கம்பி போட்ட ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, வெர்மான்ட் குளிரோ எலும்பைத் துளைப்பது. அங்கிருந்தும் எழுதிக்கொண்டே இருந்தார். டிசம்பரில் வாக்காளர்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

1799 பிப்ரவரியில் வெளியே வந்தவுடன், மறுபடி பிடித்துவிடாமல் இருக்க, "காங்கிரஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்" என்று அறிவித்தார். சபைக்குப் போகும் உறுப்பினரைக் கைது செய்ய முடியாதே!

1801-ல் அடுத்த ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனா ஆரோன் பர்ரா என்று முடிவாகாமல் பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்தது. கடைசிச் சுற்றில் வெர்மான்ட்டின் இன்னொரு உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, அந்த மாநிலத்தின் வாக்கை ஜெஃபர்சனுக்குப் போட்டவர் லயன்தான். பிறகு கென்டக்கிக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தும் எட்டாண்டு காங்கிரஸில் இருந்தார். 1822-ல் ஆர்கன்சாவில் இறந்தார். அவரிடம் வாங்கிய அபராதத்தை வட்டியோடு வாரிசுகளுக்குத் திருப்பித் தர காங்கிரஸ் 1840-ல்தான் ஒப்புக்கொண்டது.