டிராய் உங்கள் அம்மாவை அழைக்கவில்லை

குழித்துறையில் தனியாக இருக்கும் அம்மாவை யாரோ அழைத்து, “டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பர் கட் ஆகிவிடும்” என்று மிரட்டியதாக எழுதியிருந்தீர்கள். ஆதார் எண்ணைச் சரியாகச் சொன்னதால், டிராயிலிருந்தே தகவல் கசிந்ததா என்பது உங்கள் கேள்வி.

அது மோசடி அழைப்பு, சந்தேகமே வேண்டாம். 1997-இல் அமைந்த டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்), தொலைபேசிக் கட்டணம், சேவைத் தரம் போன்றவற்றுக்கு விதி வகுக்கும் அமைப்பு. அது யாரையும் அழைத்து இணைப்பைத் துண்டிப்பதாகச் சொல்வதில்லை. தனிநபர் புகாரைக்கூட நேரடியாக விசாரிப்பதில்லை.

சிம் வாங்கக் கொடுத்த ஆதார் விவரம் இருப்பது சேவை நிறுவனத்திடம். அந்தத் தகவலின் உரிமை வாடிக்கையாளருக்கே, நிறுவனம் வெறும் காப்பாளர்தான் என்று டிராய் 2018-இலேயே பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. ஆனால் ரோட்டோரம் குடை விரித்து சிம் விற்பவரிடமும் ஜெராக்ஸ் கடையிலும் விட்டுவந்த ஆதார் நகலை யார் காப்பது? எனக்கு அங்கேதான் சந்தேகம். இனி எங்கே நகல் கொடுத்தாலும், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என அதில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

இன்றே மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் அம்மாவின் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு உள்ளே போங்கள். அவர் பெயரில் உள்ள இணைப்புகள் வரும். தெரியாத எண் இருந்தால் ‘என்னுடையதல்ல’ என்று பதியுங்கள். அந்த அழைப்பையும் அதே தளத்தின் சக்ஷு பகுதியில் புகாராகக் கொடுங்கள். பணம் போயிருந்தால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், அப்புறம் வங்கியை.