இலாசரின் புண்கள்

அன்புள்ள ஐயா,

பார்சலோனா சென்றபோது, கத்தலூனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் தாவுல் ஊர்ப் புனித கிளமெந்த் ஆலயத்தின் சுவரோவியங்களைப் பார்த்தேன். கிறிஸ்துவின் முகம் முகமூடிபோல இருக்கிறது. அந்தக் காலத்தவருக்கு வரையத் தெரியாதா? மலையூர்க் கோவிலிலிருந்து இவற்றைப் பெயர்த்தெடுத்தது நியாயமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெயர்த்ததைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை. பிரனீஸ் மலையடிவாரத்து மூர் ஆலயத்தின் ஓவியம் விலைபேசப்பட்டு அமெரிக்காவின் பாஸ்டனுக்கே போய்விட்டது. மிச்சமாவது கைவிட்டுப் போகக்கூடாதென்றுதான் சுவரில் பசைத்துணி ஒட்டி, வண்ணப் படலத்தை உரித்தெடுத்துப் பார்சலோனாவுக்குக் கொண்டுவந்தார்கள். நல்லதுதான் செய்தார்கள்.

‘வரையத் தெரியாதா’ என்று கேட்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ஆலயம் 1123 டிசம்பர் 10 அன்று புனிதப்படுத்தப்பட்டது. கிறிஸ்து அமர்ந்திருப்பது பீடத்துக்கு மேலே, குழிந்த அரைக்கோளக் கூரையில். கீழே நிற்பவன் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். புருவமும் மூக்கும் ஒரே வீச்சில் இறங்கும் அந்த நீண்ட முகம் நம்மோடு உறவாட வரையப்பட்டதல்ல, தீர்ப்பளிக்க வரையப்பட்டது. கையிலுள்ள புத்தகத்தில் ‘நானே உலகின் ஒளி’ என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. அதைச் சொல்பவரின் முகத்தில் நிழல் தீட்டுவது எதற்கு?

போகட்டும். அதே ஆலயத்தின் வளைவில் இருந்த இலாசரை, இயேசுவின் உவமையில் வரும் அந்தப் பிச்சைக்காரனைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் ஒரு வரியாவது எழுதியிருப்பீர்கள். செல்வந்தனின் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், உடம்பெல்லாம் புண். ஒரு நாய் நாக்கை நீட்டி அவன் காலை நக்குகிறது. லூக்கா நற்செய்தியில் இந்த இடம் வரும்போதெல்லாம் என் பாட்டி வாசிப்பதை நிறுத்திவிடுவார். “நாய்க்கு இருந்த இரக்கம் அந்த மனுஷனுக்கு இல்லையே” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சிறுவனான எனக்கு அந்த அழுகை விளங்கவில்லை. அந்த ஓவியத்தின் முன் நின்றபோது விளங்கியது. வரைந்தவர் செல்வந்தனின் கொடுமையை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மூடிய வாசலையும் நாயின் நாக்கையும் அருகருகே வைத்தார், அவ்வளவுதான். பாட்டி கண்டதும் அதையேதான்.

வானத்து நீதிபதியை அத்தனை தொலைவில் வைத்த கோவிலிலேயே, இந்தப் பிச்சைக்காரனுக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். புண்களைக்கூட விடாமல் வரைந்தார்கள். இவர்களுக்கா வரையத் தெரியாது?

அடுத்த முறை தாவுலுக்கே போங்கள். வெறுமையான அந்தச் சுவரில் இப்போது ஒளி பாய்ச்சி ஓவியத்தை மீட்டுக் காட்டுகிறார்கள். கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, அண்ணாந்து பாருங்கள். பிறகு எழுதுங்கள், முகமூடியா இல்லையா என்று பேசலாம்.