வரிசையின் பின்னால் ஓட்டும்போது கால் ஓய்ந்துபோவது ஏன்?

பணியில் உயிர்நீத்த காவல் அதிகாரிகளின் நினைவாக அமெரிக்காவில் நடக்கும் சைக்கிள் பயணமான போலீஸ் யூனிட்டி டூருக்கான பயிற்சியில், சராசரி வேகம் குறைவாக இருந்தும் பின்வரிசையில் துரத்தித் துரத்தியே கால் ஓய்ந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் உடல்வலுவில் குறையில்லை. முன்னால் ஒருவர் லேசாகப் பிரேக் பிடித்தாலும் பின்னால் வர வர அது பெருகிவிடும். கடைசி ஆள் ஏறக்குறைய நின்றுவிட்டுப் பாய வேண்டியிருக்கும்.

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தையே பார்க்காமல், மூன்று நான்கு பேர் தாண்டித் தோள்களைக் கவனியுங்கள். ஒரு சக்கர அளவு இடைவெளி போதும். வேகம் குறைக்க முதலில் மிதியின் அழுத்தத்தை விடுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், பிரேக் அதற்குப் பிறகுதான். இடைவெளி விழுந்தால் பாயாமல், பத்துப் பதினைந்து மிதியில் மெல்ல மூடுங்கள். இலகுவான கியரில் நிமிடத்துக்கு 85–90 சுற்று வையுங்கள். உங்கள் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போகவே கூடாது. உரசினால் விழுவது நீங்கள்தான், உங்கள் பின்னால் வருபவர்களும் சேர்ந்து விழுவார்கள்.

மே 12 அன்று பயணத்தின் முடிவில் வாஷிங்டனில் உள்ள காவல் அதிகாரிகள் நினைவிடத்துக்குள் நுழையும்போது, உயிர்நீத்த அதிகாரிகளின் குடும்பங்கள் அங்கே காத்திருக்கும். அங்கே நடைவேகத்தில்தான் ஓட்ட வேண்டியிருக்கும், அதற்கும் பழகிக்கொள்ளுங்கள்: பின்பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மிதித்தால் சைக்கிள் தள்ளாடாது. மிதியோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ என்றால் ஒரு காலை முன்பே விடுவித்து வையுங்கள்.